போக்குவரத்து

உ
ராஜபாளையம்
22-8-1988

அன்புள்ள அக்கா வேலுத்தாய்க்குத் தம்பி பொன்னுராஜ் எழுதிக்கொண்டது. இங்கே நான், முத்துப்பேச்சி, பாப்பா மூவரும் சுகமாக இருக்கிறோம். உன் ஒற்றைத் தலைவலியும் அத்தானுடைய இருமலும் எப்படி இருக்கின்றன என்று எழுது.

ஆடிப்பூரத்துக்கு உங்கள் ஊருக்கு வந்திருந்தேன். தேர் பார்க்க வந்தேன் என்று சாமி மேல் பழியைப் போட மாட்டேன். உன்னைப் பார்க்கத்தான் வந்தேன். நீ ரத வீதி முனையில் பச்சைச் சேலையில் நின்றுகொண்டிருந்தாய். நடுவில் வடம் பிடிக்கிற கூட்டம். "அக்கா" என்று கத்தினேன். யார் யாருடைய அக்காமாரோ திரும்பினார்கள், நீ திரும்பவில்லை. தேர் நகர்ந்து முடித்தபோது உன்னைக் காணோம். மடவார் வளாகம் வரை நடந்து, உன் தெருமுனையில் ஒரு சர்பத் குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். "என் வாசலுக்கு நீயும் வராதே" என்று அத்தான் சொன்னது சொன்னதுதானே.

அம்மா போன பிறகு உனக்குப் பிறந்த வீடு என்றால் இந்த வீடுதான். பஸ் ஏறினால் அரை மணி நேரம். அதற்கு நடுவில் ஒரு தாயக்கட்டம் வந்து படுத்துக்கொண்டுவிட்டது. யோசித்துப் பார்த்தால் இரண்டு ஊர் விதிகளுக்கும் நடுவில் நடந்த சண்டைதானே அக்கா அது? எங்கள் ஊரில் எதிராளியின் காய் ஒன்றையாவது வெட்டினால்தான் நம் காய் நடுக்கட்டத்துக்குள் போய்ப் பழமாகும். உங்கள் ஊரில் வெட்டாமலே பழமாகலாம். பொங்கலுக்கு மறுநாள், கரிநாளன்று, அத்தானுடைய கடைசிக் காய் வாசல் கட்டத்தில் நிற்கிறது, நான் விட மாட்டேன் என்கிறேன். அவர் தாயக்கட்டையை வீசிவிட்டு எழுந்தார். உன்னைக் கூட்டிக்கொண்டு கைகூட நனைக்காமல் போய்விட்டார். சித்திரைத் திருவிழாவுக்கும் வரவில்லை.

ஆகையால் ஒரு முடிவு செய்திருக்கிறேன். சிரிக்காதே. நானே ஒரு புது ஆட்டம் உண்டாக்கப் போகிறேன். இரண்டு ஊருக்கும் ஒரே விதி. அச்சகத்தில் அட்டைக்கும் மைக்கும் பஞ்சமில்லை, முதலாளியும் நல்ல மனநிலையில் இருக்கிறார். செய்து அனுப்பினால் ஆடிப் பார்த்துச் சொல்வாயா? அத்தானுக்கு ஆட்டம் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் தன்னால் சரியாகிவிடும் என்று தோன்றுகிறது.

பாப்பா சுவரைப் பிடித்து நடக்கிறாள். உன் மூக்கு.

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
பொன்னுராஜ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
9-9-1988

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஆசி. நாங்கள் இருவரும் இருக்கிறோம். தலைவலி வாரத்துக்கு ஒரு முறை விருந்தாளி மாதிரி வருகிறது, காப்பி குடித்துவிட்டுப் போகிறது. அத்தானுக்கு இருமல் இல்லை. பிரசவத்தில் இளைத்த முத்துப்பேச்சிக்கு உடம்பு தேறியதா? பாப்பாவை நடக்கிற வயசில் தனியே விடாதீர்கள், உங்கள் வீட்டு வாசற்படி உயரம்.

நீ கத்தியது என் காதில் விழுந்தது. திரும்பினால் அழுதுவிடுவேன், அத்தனை ஜனத்துக்கு நடுவில் எதற்கு என்று திரும்பவில்லை. தெருமுனை வரை வந்துவிட்டுச் சர்பத்தோடு போனவனை என்ன சொல்ல.

அது விதியால் வந்த சண்டை என்று நீ நினைத்தால் அப்படியே இருக்கட்டும். உங்கள் அத்தான் போகக் கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறார், எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. அவர் ஓட்டுகிற பஸ் தினமும் உங்கள் ஊர் ஸ்டாண்டுக்குத்தான் போகிறது என்பது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அங்கே போய் நின்றுவிட்டுத் திரும்புகிற மனுஷர் வீட்டுக்கு வந்து ஒன்றுமே சொல்ல மாட்டார். போன வாரம் சாப்பிடும்போது, "ஒன் தம்பி சைக்கிளுக்குப் புது பெல் போட்டிருக்கான்" என்றார். அவ்வளவுதான். மேலே கேட்டதற்கு ரசம் ஊற்று என்றார்.

ஆட்டத்தை அனுப்பு. சாயங்காலம் பக்கத்து வீட்டுக் கிருபாபாயும் எதிர்வீட்டு வெள்ளைத்தாயும் வந்து உட்காருவார்கள். எங்களுக்கும் பொழுது போகவேண்டும். ஆனால் ஒன்று. ஆட்டம் பிடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று கோட்டை கட்டாதே.

வேலுத்தாய்


ராஜபாளையம்
30-9-1988

என் அருமை அக்காவுக்கு வணக்கம். எல்லாரும் சுகம். முத்துப்பேச்சி தேறிவிட்டாள், என்னைத் திட்டுகிற சத்தத்திலேயே தெரிகிறது.

இத்துடன் ஆட்டம் வருகிறது. காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் வரைந்திருக்கிறேன். கோணல் இருந்தால் பொறுத்துக்கொள். மடவார் வளாகத்தில் கிளம்பி எங்கள் வீட்டு வாசல் வரை ரோடு. வழியில் ரயில்வே கேட், மில் கேட், டீக்கடை எல்லாம் இருக்கிறது. கேட் அடைத்திருக்கும் கட்டத்தில் விழுந்தால் ஒரு ஆட்டம் சும்மா இருக்கவேண்டும். மில்லில் ஷிப்ட் விட்ட கட்டத்தில் கூட்டம் ஏறும், மெதுவாகத்தான் நகரலாம். பஞ்சர் கட்டத்தில் விழுந்தால் பின்னால் வரவேண்டும். தாயம் விழட்டும் என்று கிளம்பாமல் காத்துக் கிடக்கவும் வேண்டாம், எது விழுந்தாலும் புறப்படலாம். நீ காத்திருந்தது போதும்.

முக்கியமான விஷயம், இதில் வெட்டு கிடையாது. ஒரு காய் நிற்கிற கட்டத்துக்கு இன்னொரு காய் வந்தால் இரண்டும் சேர்ந்து போகவேண்டியதுதான். யாரையும் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போகவேண்டிய அவசியம் இல்லை.

பெயர் என்ன தெரியுமா? போக்குவரத்து. மேலே பஸ் படம் போட்டிருக்கிறேன், பார்க்கிறவர்களுக்கு அது பஸ் ஆட்டம். எனக்கும் உனக்கும் வேறு. போன வாரம் தளவாய்புரத்தில் ஒரு விசேஷ வீட்டில் நம் சுந்தரபாண்டியன் சித்தப்பா எல்லார் முன்னாலும் கேட்டார், "ஏலே, ஒங்கக்கா வீட்டோட போக்குவரத்து இருக்கா, இல்லையா?" சோற்றில் கையை வைத்துக்கொண்டு நான் இருக்கு என்றேன். பொய் சொன்ன வாயோடு அந்த இலையில் சாப்பிட முடியவில்லை அக்கா.

ஆடிப் பார். குறையைக் கூசாமல் எழுது.

உன் தம்பி
பொன்னுராஜ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
21-10-1988

தம்பி பொன்னுராஜுக்கு. சுகம். நீங்களும் அப்படியே இருக்க ஆண்டாளை வேண்டிக்கொள்கிறேன். பாப்பா இப்போது என்னென்ன பேசுகிறாள்? அத்தை என்று சொல்லவருகிறதா?

உன் ஆட்டத்தை ஆடினோம். கூசாமல் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன், படு மோசம். ரயில்வே கேட்டுக்குப் போவதற்குள் எங்கள் எல்லாருடைய காயும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு ஆட்டம் ஏது? கல்யாண வீட்டுக்கு வேன் பிடித்துப் போகிற மாதிரி அத்தனையும் கூட்டமாகப் போய் உன் வீட்டு வாசலில் இறங்கின. யார் ஜெயித்தது என்று கேட்டால் எல்லாரும்தான். கிருபாபாய் கொட்டாவி விட்டாள். வெள்ளைத்தாய், "ஏட்டி, ஒரு வெட்டும் இல்ல, குத்தும் இல்ல, இதுக்கு நான் வீட்ல அரிசி பொறுக்கிட்டு இருந்திருப்பேன்" என்று எழுந்துவிட்டாள். சண்டை இருக்கக் கூடாது என்று நீ ருசியையும் சேர்த்து எடுத்துவிட்டாய்.

கட்டிலில் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த ஒருவர் சில குறைகள் சொன்னார். பெயர் வேண்டாம். ரயில்வே கேட்டை இடம் மாற்றிப் போட்டிருக்கிறாயாம். பஞ்சரான பஸ் நின்ற இடத்தில் நிற்குமே தவிர எந்த ஊரிலும் பின்னால் வராதாம். பிறகு, "போறதுக்கு மட்டும் ரோடு போட்டிருக்கான். போனவிய திரும்பி வரவேண்டாமா? அங்கேயே கெடப்பாகளா?" என்றார்.

நான் அட்டையை மடித்து வைத்தேன். அவர் சொன்னது ஆட்டத்தைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன்.

அன்புடன் அக்கா


ராஜபாளையம்
16-11-1988

அக்காவுக்கு வணக்கம். மழை நேரம், கொதிக்கவைத்த தண்ணீர் குடியுங்கள். பாப்பாவுக்குச் சளி, வேறொன்றும் இல்லை. அத்தை வரவில்லை, "த்தை" வருகிறது. அதை எல்லாருக்கும் சொல்கிறாள், பால்காரருக்கும் சேர்த்து.

அந்தக் கட்டில்காரர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டேன். பஞ்சருக்கு இனி நிற்பதுதான் தண்டனை. ரயில்வே கேட்டை நகர்த்திவிட்டேன். காய் எங்கள் வாசலைத் தொட்டுவிட்டு மறுபடி மடவார் வளாகம் போய்ச் சேர்ந்தால்தான் பழம். போய்விட்டு வரலாம் அக்கா, யாரும் யாரையும் பிடித்து வைத்துக்கொள்ளப் போவதில்லை. அவரிடம் இதைச் சொல். ஆட்டத்தைப் பற்றித்தான்.

ருசிக்கு ஒரு விதி யோசித்தேன். ஒரு காய் இருக்கிற கட்டத்துக்கு நீ போனால், "கூட வாரியளா?" என்று கேட்கவேண்டும். கேட்டே ஆகவேண்டும். எதிராளி வருகிறேன் என்றால் இரண்டு பேர் உருட்டுகிற கட்டைக்கும் இரண்டு காயும் சேர்ந்து ஓடும், வேகமாகப் போகலாம். வரவில்லை என்று சொல்லிவிட்டால் கேட்டவன் அதே கட்டத்தில் ஒரு ஆட்டம் உட்காரவேண்டும். கூப்பிடுகிறவனுக்குத்தான் நஷ்டம்.

தீபாவளிக்கு உனக்குச் சேலையும் அத்தானுக்கு வேட்டி சட்டையும் எடுத்திருந்தேன். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அவர் பஸ் நின்றது. அவர் ஸ்டீயரிங் மேல் கையை வைத்துக்கொண்டு எனக்கு நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பழக்கடை ஓரமாக நின்றேன். போய்க் கொடுத்திருக்கலாம். "வேண்டாம்" என்று அத்தனை பேருக்கு முன்னால் சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்று கால் வரவில்லை. பஸ் கிளம்பிப் போய்விட்டது. தீபாவளி கழிந்து ஒரு வாரம் ஆனபிறகு தபாலில் அனுப்புகிற தம்பி நானாகத்தான் இருப்பேன். வாங்கிக்கொள்.

பொன்னுராஜ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
19-12-1988

என் தம்பிக்கு. மார்கழிக் குளிரிலும் இங்கே சுகம்தான். விடியக்காலையில் கோலம் போட்டுக் கை விறைக்கிறது. பாப்பாவுக்குச் சளி போனதா? தலைக்குக் குல்லா போடு.

சேலையைக் கட்டிக்கொண்டேன். வேட்டி சட்டை பெட்டியில் இருக்கிறது. திருப்பி அனுப்பச் சொல்லவில்லை, அதுவே எனக்குப் பெரிசு.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். இப்போது தெருவே இதைத்தான் ஆடுகிறது. அந்த "வாரியளா" விதியைப் போட்டாலும் போட்டாய், வெள்ளைத்தாய்க்கும் கிருபாபாய்க்கும் ஒருநாள் பேச்சே இல்லை. "நான் அம்புட்டு மரியாதையா கேக்கேன், மூஞ்சியத் திருப்பிக்கிட்டு வரலேங்கா பாத்தியா" என்று வெள்ளைத்தாய்க்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறுநாள் தானாகவே வந்து உட்கார்ந்தாள். வெட்டுப்பட்டால்கூட இவ்வளவு ரோஷம் வராது தம்பி.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கை குறைந்தது. கட்டில்காரர் எழுந்து வந்து உட்கார்ந்தார். கேட்டவர்கள் அத்தனை பேரிடமும் வரவில்லை, வரவில்லை என்றே சொன்னார். தனியாகப் போய் உன் வாசலைத் தொட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வந்து ஜெயித்தும்விட்டார். நான் இரண்டு தரம் கேட்டேன். என்னிடமும் வரவில்லை என்றார். ஆனால் இரண்டாவது தரம் சொல்லும்போது சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. அவர் சிரித்து நாளாகிறது. உன் வாசல் கட்டத்தில் நீ வரைந்திருக்கிற முருங்கைமரத்தைக் காட்டி, "இது இன்னும் நிக்கா?" என்று கேட்டார். நிற்கிறதா தம்பி?

எனக்கு நம் வீட்டு அடுப்படி நினைப்பாகவே இருக்கிறது. நீங்கள் என்ன சமைத்தீர்கள், யார் வந்தார்கள் என்றெல்லாம் தெரிந்துகொள்ள ஏங்கிப்போகிறேன். பொங்கலுக்கு என்ன என்று மட்டும் கேட்டு எழுதாதே. கேட்காமல் விட்டால் ஒருவேளை நடக்கும்.

வேலுத்தாய்


ராஜபாளையம்
4-1-1989

அன்பு அக்காவுக்கும் மரியாதைக்குரிய அத்தானுக்கும் வணக்கம். எல்லாரும் சுகம், அதிலும் நான் ரொம்ப சுகம்.

நீ கேட்காதே என்றதால் கேட்கவில்லை. முருங்கைமரம் நிற்கிறது. வீட்டுக்கு வெள்ளையடித்தாயிற்று. முத்துப்பேச்சி மாடத்தில் இருந்த டப்பாக்களை எல்லாம் கழுவிக் கவிழ்த்திருக்கிறாள். ஏன் என்று நானும் கேட்கவில்லை.

இன்னொரு சந்தோஷம். முதலாளி ஆட்டத்தைப் பார்த்தார். பொங்கலுக்குப் பிறகு கொஞ்சம் அச்சடித்துக் கடைகளில் போட்டுப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்! விதிகளை நானே எழுதி, எழுத்துக் கோத்து, புரூஃப் எடுத்துவிட்டேன். ஒன்று இதில் வைத்திருக்கிறேன். அத்தான் கண்ணில் படும்படி வை. கடைசி விதியைப் படித்துப் பார், அச்சகத்தில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "மற்ற எல்லாக் காயும் பழமாகி, ஒரே ஒரு காய் மட்டும் வீடு சேராமல் ரோட்டில் நின்றால், அதற்குப் பெயர் பழுக்காத காய். அதை வைத்திருப்பவர் அடுத்த ஆட்டத்துக்கு வெளியே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கவேண்டும்." ஆட்டம் என்றால் கடைசி ஆளுக்கும் ஏதாவது வேண்டும் அல்லவா? ருசி ருசி என்றாயே, போட்டேன்.

கரிநாளன்று மதியம் நாட்டுக்கோழி. சும்மா தகவலுக்கு எழுதுகிறேன்.

தலைகால் புரியாத உன் தம்பி
பொன்னுராஜ்


ராஜபாளையம்
20-2-1989

அக்காவுக்கு. இங்கே சுகம். அங்கே எப்படி என்று தெரியாமல் எழுதுகிறேன். உனக்கு உடம்புக்கு ஏதுமா? ஒரு வரி போடு.

பொங்கலுக்குப் பஸ் ஸ்டாண்டில் இருந்தேன். கரிநாளுக்கும் இருந்தேன். அத்தான் பஸ் வந்தது, வேறு ஒருவர் ஓட்டிவந்தார். லீவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகும் அவரைக் காணோம். நேற்று கண்டக்டரைப் பிடித்துக் கேட்டேன். "உக்கிரபாண்டி அண்ணன் இந்த ரூட்டு வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாவுல்லா. இப்ப மகாராஜபுரம் டிரிப்பு" என்றார்.

எங்கள் ஊர்ப் பக்கமே வரக் கூடாது என்று ரூட்டை மாற்றிக்கொள்ளும் அளவுக்கு நான் என்ன செய்தேன் அக்கா? நீயும் எழுதுவதில்லை. ஆட்டத்தில் ஏதாவது தப்பா? தினமும் பஸ் வரும்போது அவர் முகமாவது தெரியும். அதைப் பார்த்துவிட்டு, நீ நேற்று ராத்திரி சாப்பிட்டிருப்பாய், நன்றாகத்தான் இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்வேன். இப்போது அதுவும் இல்லை.

பொன்னுராஜ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
13-3-1989

தம்பிக்கு. உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசு சரியில்லாததால் எழுதவில்லை. பாப்பாவும் நீங்களும் நன்றாக இருக்கவேண்டும், அதில் எனக்கு எந்த மாற்றமும் இல்லை.

சொல்லக் கூடாது என்றே இருந்தேன். உன் புரூஃப் வந்தபிறகு சொல்லாமல் இருந்தால் நீ இதையே திரும்பத் திரும்பச் செய்வாய். கரிநாளன்று அவர் எழுந்து போனது விதிக்காக இல்லை. அவர் காய் வாசலில் நின்றபோது நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். "வெட்டாத காய் எங்க ஊர்ல பழுக்காது அத்தான். எத்தன வருசம் வாசல்ல நின்னாலும் பழுக்காது." சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சித்தப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். எங்களுக்குக் கல்யாணமாகி எத்தனை வருஷம் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். மதுரை டாக்டரிடம் நாங்கள் எதற்காகப் போய்ப் போய் வந்தோம் என்பதும் தெரியும்.

நீ ஆட்டத்தைத்தான் சொன்னாய். உனக்கு உள்ளே ஒன்று வெளியே ஒன்று கிடையாது என்று நான் அவரிடம் எத்தனையோ தரம் சொன்னேன். அவரும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தார். பெட்டியில் இருந்து வேட்டியை எடுத்து உதறி வைத்தது பொங்கலுக்கு நாலு நாள் முன்னால். அன்றைக்குத்தான் உன் கடிதம் வந்தது. நீ சொன்னபடி அவர் கண்ணில் படும்படி வைத்தேன், நான் படித்துப் பார்க்காமலே. அவர் சத்தமாக வாசித்தார். பழுக்காத காய், வெளியே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கவேண்டும். வாசித்துவிட்டு மடித்து என் கையில் கொடுத்தார். "அச்சடிச்சே அனுப்பிட்டான்" என்றார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் அவருக்குக் கோபம், அவருக்குக் கோபம் என்கிறீர்கள். அந்தச் சொல் அவரை மட்டுமா சுட்டது? பழுக்காதது யார்? ஊர் யாரைச் சொல்லும்? என்னைத்தானே. தம்பி சொன்னான், தெரியாமல் சொன்னான் என்று விழுங்கிக்கொண்டு, பாப்பா நடக்கிறாளா, பேசுகிறாளா என்று உனக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கும் வலித்தது பொன்னுராஜ். எனக்குத்தான் அதிகம் வலித்தது. அதையும் மீறி உன் வீட்டுக்கு வரவேண்டும் என்று தோன்றுகிறதே, அதுதான் எனக்கு விளங்கவில்லை.

வேலுத்தாய்


ராஜபாளையம்
27-3-1989

அக்கா,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நீங்கள் இருவரும் சுகமாக இருக்கவேண்டும்.

உன் கடிதத்தை அச்சகத்தில் நின்றபடி படித்தேன். பிறகு வேலை ஓடவில்லை. வீட்டுக்கு வந்து முத்துப்பேச்சியிடம் கேட்டேன், நான் அப்படியா சொன்னேன் என்று. "சொன்னிய. எனக்கு அன்னைக்கே சோறு எறங்கல. ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னுல்லா இருந்தேன்" என்றாள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, என்னைத் தவிர. என்ன வாய் இது. சொன்னது ஞாபகம்கூட இல்லை, அதை நினைத்தால்தான் அவமானம் தாங்கவில்லை. நீ விழுங்கிக்கொண்டிருந்தபோது நான் உனக்கு ரயில்வே கேட் எங்கே போடுவது என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

கடைசி விதியை எடுத்துவிட்டேன். அது மட்டும் இல்லை, காய் என்ற சொல்லும் பழம் என்ற சொல்லும் இனி அந்தத் தாளில் எங்குமே கிடையாது. காய்க்குப் பதில் ஆள். பழத்துக்குப் பதில் வந்து சேர்ந்தார். முதலாளி, இது என்ன தமிழ் என்று கத்தினார். கத்தட்டும்.

உன்னை வா என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை. ஆனால் வாசலில் ஒரு பெண் செருப்புச் சத்தம் கேட்டால் இப்போதும் எட்டிப் பார்க்கிறேன். நான் அங்கே வந்து அத்தான் முன்னால் நிற்கலாமா என்று மட்டும் கேட்டுச் சொல். திட்டினால் திட்டட்டும், அடித்தாலும் அடிக்கட்டும். வேண்டாம் என்றால் வரவில்லை.

பொன்னுராஜ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
11-4-1989

மாப்பிள்ளை பொன்னுராஜுக்கு உக்கிரபாண்டி எழுதுவது. இருவரும் சுகம். உன் வீட்டிலும் அப்படியே இருக்கட்டும். கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. தப்பு இருந்தால் நீ அச்சகத்துக்காரன், திருத்திக்கொள்.

உன் கடிதத்தை உன் அக்கா காட்டினாள். அந்தக் கடைசி விதியை எடுத்தது சரி. காய், பழம் என்ற வார்த்தைகளை எடுத்தது சரியில்லை. திரும்பப் போடு. ஊர் முழுக்கச் சொல்கிற வார்த்தையை எங்களுக்காக நீ அழித்தால், நாளைக்கு எங்கள் முன்னால் யாருமே வாயைத் திறக்க மாட்டார்கள். மார்க்கெட்டில் கத்தரிக்காய் என்று சொல்லவும் யோசிப்பார்கள். பரிதாபப்படுவது கேலி பண்ணுவதைவிட மோசம். எனக்கு அது வேண்டாம்.

நீ இங்கே வந்து நிற்கவும் வேண்டாம். அடி வாங்குகிற வயசு உனக்கும் இல்லை, அடிக்கிற வயசு எனக்கும் இல்லை. நீ சொன்னது மறந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். மறக்கவில்லை. மறக்காமலேதான் வருகிறேன்.

ஏன் வருகிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பங்குனி ஆரம்பத்தில் ஒருநாள் டிரிப் ரத்தாகி மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். உன் அக்கா நான் வந்ததைக் கவனிக்கவில்லை. அட்டையை விரித்துவைத்துத் தனியாக உட்கார்ந்திருந்தாள். கட்டையை உருட்டவே இல்லை. காயை எடுத்து நேராக உன் வீட்டு வாசலில் வைத்தாள். வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு அரிசி களையப் போனாள். அதற்குப் பிறகு கவனித்தேன். அவள் அடிக்கடி அப்படித்தான் செய்கிறாள். போகச் சொல்லி என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. அந்தக் கரிநாளில் இருந்து ஒரு தடவை கூடக் கேட்கவில்லை. கேட்டால் நான் வரவில்லை என்று சொல்லிவிடுவேன் என்று அவளுக்குப் பயம். என் ரோஷம் எனக்குப் பெரிசாக இருந்தது. அவளுடையதை நான் பார்க்கவில்லை.

நேற்று சாயங்காலம் அவள் அப்படி வைத்தபோது நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் காயை எடுத்து அவள் காய்க்குப் பக்கத்தில், உன் வாசலில் வைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்து, மாற்றுச்சேலை எடுத்து மடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

சித்திரை பிறந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறோம். ஸ்டாண்டுக்கு வராதே. வீட்டு வாசலில் நில்.

உக்கிரபாண்டி